ரொட்டி வண்டிக்குப் போட்ட ஓட்டை

என் ஜாதகத்தில் வாகன யோகம் இருக்கிறது என்று சொன்ன ஜோசியர், அதை ஓட்டுகிற யோகமும் இருக்கிறதா என்று சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. ‘பொண்ணு பேருல வாங்குங்க, ஓகோன்னு ஓடும்’ என்ற ஒரு வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, யாரோ கழித்துக்கட்டிய பழைய வேன் ஒன்றை வாங்கி என் பெயரில் பதிவு செய்துவிட்டார். எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. சைக்கிள்கூட ஏறத் தெரியாத மாமியார் பெயரில் டிராக்டர் இருக்கும். கடலூர் முதுநகரில் எங்கள் பேக்கரியின் ரொட்டி வண்டிக்கு நான் சொந்தக்காரி ஆனதும் அப்படித்தான். ஆயுத பூஜைக்குச் சந்தனப் பொட்டு வைக்கும்போது மட்டும் ஸ்டியரிங்கைத் தொடுவேன். மற்ற நாட்களில் என் வண்டி தெருவைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

முன்னால் துருத்திக்கொண்டிருக்கிற மூக்கு, இரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்தால் மூன்றாவது ஆளும் உட்காரலாம் என்கிற மாதிரி ஒரு நீள சீட்டு, அதற்குப் பின்னால் ஜன்னலே இல்லாமல் நாலு பக்கமும் தகரம் அடைத்த பெரிய பெட்டி. பெட்டிக்குள் ரொட்டித் தட்டுகளை அடுக்க இரும்புச் சட்டம். அந்த மாதிரி வேனை இப்போது எந்தக் கம்பெனியும் செய்வதில்லை. உதிரி பாகம் வேண்டுமென்றால் செத்துப்போன இன்னொரு வேனைத் தேடித்தான் போக வேண்டும்.

2004இல் எனக்குக் கல்யாணமாகி, சிதம்பரத்துக்குப் பக்கத்தில் அண்ணாமலை நகருக்குக் குடிபோனேன். வண்டி பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. என் தம்பி அதை ஓட்டினான். தினமும் விடியற்காலையில் முதுநகரில் பன்னும் ரொட்டியும் ஏற்றிக்கொண்டு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாக வந்து, அண்ணாமலை நகரில் மாணவர்கள் சாப்பிடுகிற ஒரு பெரிய மெஸ்ஸில் காலை டிபனுக்கு முன்னால் இறக்குவான். எங்கள் பேக்கரியில் வேகிற சரக்கில் பாதி அந்த ஒரு மெஸ்ஸுக்குத்தான் போனது. அந்த ஆர்டர் போனால் பாதி அடுப்பு அணைந்துவிடும் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

தம்பிக்கு வண்டி என்றால் ஓட வேண்டும், அவ்வளவுதான். கதவு மூடாவிட்டால் லாரி டியூபைக் கிழித்துக் கட்டுவான். ஹாரன் வேண்டுமென்றால் இரண்டு ஒயர்களை உரசுவான். வைப்பரில் சணல் கயிறு கட்டி, மழை பெய்தால் உள்ளேயிருந்து இழுப்பான். காலடியில் துரு அரித்து ரோடு தெரிந்தபோது பிஸ்கட் டின் மூடியை வைத்து ஆணி அடித்தான். “எதுக்குடா இப்படி ஓட்டுற?” என்று கேட்டால், “நிக்காம ஓடுதில்ல? அப்புறம் என்னா?” என்பான்.

என் வீட்டுக்காரருக்கு அது நெஞ்சில் குத்தும். அவருக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பு பார்க்கிற வேலை. கையில் அழுக்குப் படாத வேலை பார்ப்பவர்களுக்குத்தான் இயந்திரங்கள்மேல் இவ்வளவு காதல் வரும் என்று நினைக்கிறேன். தம்பி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் காபி குடிக்கிற கால் மணி நேரத்தில், இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கிற உறவுக்காரர் மாதிரி உச்சுக் கொட்டுவார். ஒருநாள் வீட்டுச் சாவியால் பெயிண்டைச் சுரண்டினார். நீலத்துக்குக் கீழே மஞ்சள், மஞ்சளுக்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே பாலாடை நிறம். “பாத்தியா, இதான் ஒரிஜினல்!” என்று என்னைச் சமையற்கட்டிலிருந்து இழுத்து வந்து காட்டினார். அன்றைக்கு ரசம் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரிஜினல் என்ற சொல் காதில் விழாத நாளே இல்லை. பிரௌசிங் சென்டருக்குப் போய், வெளிநாட்டில் யார் யாரோ பழைய வேன்களைப் புதுசாக்கி வைத்திருக்கிற படங்களைக் கலரில் அச்செடுத்து வந்தார். எல்லா வேனும் பளபளவென்று புல்தரையில் நின்றது. எதிலும் ஒரு மூட்டை, ஒரு ரொட்டித் தட்டு இல்லை. தம்பி அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் ஓடாதா மாமா? பாவம், என்னா ரிப்பேரு?” என்று நிஜமாகவே அக்கறையோடு கேட்டான். இவர் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

2007 கோடை விடுமுறையில் இவருக்கு வழி பிறந்தது. மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், மெஸ் மூடிவிட்டது. உள்ளூர்க் கடைகளுக்கு மட்டும் சரக்குப் போட ஒரு மூன்று சக்கர வண்டி போதும்.

“மச்சான், ரெண்டு மாசம் வண்டிய என்கிட்ட விடு. காலேஜ் தொறக்கறதுக்குள்ள புதுப் பொண்ணு மாதிரி திருப்பித் தரேன்.”

“பொண்ணு மாதிரி வேணாம் மாமா, பன்னு ஏத்துற மாதிரி குடுத்தா போதும்” என்றான் தம்பி. ஆனாலும் கொடுத்தான். அக்காள் புருஷன் கேட்டு இல்லை என்று சொல்கிற துணிச்சல் எங்கள் பக்கத்து மச்சான்களுக்குக் கிடையாது. மனசுக்குள்தான் திட்டுவார்கள்.

எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் கீற்றுக் கொட்டகை போட்டு வண்டியை நிறுத்தினார்கள். நசுங்கிய தகரத்தைத் தட்டிச் சரிசெய்கிற ஒரு டிங்கர் வந்தார். நல்ல வேலைக்காரர்தான், ஆனால் சிதம்பரத்தில் திருவிழாவுக்குப் பஞ்சமா? எந்தச் சாமி புறப்பட்டாலும் அவர் சுத்தியலைக் கீழே போட்டுவிடுவார். அந்த நாட்களில் இவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உப்புத்தாளால் தேய்ப்பார். தகரத் தூசியும், பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டியின் தூசியும் படிந்து, மூக்கு மட்டும் கறுப்பாக, வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போக வேண்டிய கோலத்தில் சாப்பிட வருவார். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் கல்யாணத்தில்கூட அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமை வந்தது, அதற்கு மேல் சிரிப்பும் வந்தது.

ஒருநாள் கொட்டகையிலிருந்து அலறல் கேட்டது. கையை வெட்டிக்கொண்டாரோ என்று ஓடினேன்.

“இங்க பாரு! கொலை பண்ணி வச்சிருக்கானுங்க!”

பெட்டியின் இரண்டு பக்கமும், மேல் விளிம்பை ஒட்டி, வரிசையாக ஓட்டைகள். பல வருஷ அழுக்கிலும் பெயிண்டிலும் பாதி மூடியும் பாதி திறந்தும் கிடந்தன. ஒன்றுகூட நேர்கோட்டில் இல்லை. கம்பெனியிலிருந்து வந்தபோது இவை கிடையாது, யாரோ ஆணியையும் சுத்தியலையும் வைத்துக் குத்தியிருக்கிறார்கள் என்று இவர் படத்தோடு நிரூபித்தார். டிங்கர் ஒவ்வொன்றாகத் தகடு வைத்து வெல்டிங் பண்ணினார். மேலே பட்டி பார்த்துத் தேய்த்ததும், அங்கே ஓட்டை இருந்ததைச் சொன்னால்கூட நம்ப முடியாத மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. அத்தோடு விட்டாரா? பெட்டிக்கு உள்பக்கமும் பெயிண்ட் அடித்தார். உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன். “ஒரிஜினல்னா உள்ளயும்தான்” என்றார்.

வேலை முடிந்தபோது விடுமுறையும் முடிந்துவிட்டது. பெயிண்ட் காய இன்னும் கொஞ்சம் நாள் வேண்டுமென்று இவர் கெஞ்சினார். மெஸ் வியாழக்கிழமை திறக்கிறது. தம்பி புதன்கிழமை மாலை வந்து நின்றான். பாலாடை நிறத்தில், இடுப்பில் செங்கல் நிறப் பட்டையோடு நின்ற வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். “அக்கா, நம்ம வண்டியா இது?” என்று மெதுவாகக் கையை நீட்டினான். “தொடாத!” என்று கொட்டகை அதிர இவர் கத்தினார்.

மறுநாள் முதல் சரக்கு. கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள இவரும் லீவு போட்டுவிட்டு புதன்கிழமை இரவே முதுநகர் போய்விட்டார். தட்டுகள் உரசாமலிருக்க என் பழைய புடவைகளைக் கொண்டுபோய் உள்ளே விரித்தார். என்னைக் கேட்கவில்லை, அதில் ஒன்று அவ்வளவு பழையதும் இல்லை. வழியில் பள்ளம் வந்தால் இறங்கி முன்னால் நடந்தாராம். ஆலப்பாக்கத்தில் ஒரு காக்கை எச்சமிட்டதற்கு வண்டியை நிறுத்தித் துடைத்தாராம். மெஸ் வாசலில் நான் காத்திருந்தேன். என் பெயரில் இருக்கிற வண்டி இவ்வளவு அழகாக ஊருக்குள் வருவதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ஆசை.

வண்டி வந்தது. மாணவர்கள் கூடி வேடிக்கை பார்த்தார்கள். செல்போனில் ஒருவன் படம் எடுத்தான். இவர் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி இறங்கினார். தம்பி பின்கதவைத் திறந்தான்.

குப்பென்று ஆவி வந்தது. இட்லிப் பானையைத் திறந்தால் வருமே, அதே ஆவி. பன் எல்லாம் வேர்த்து, மேல்தோல் உரிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. ரொட்டி இடுப்பொடிந்து சாய்ந்திருந்தது. மெஸ்காரர் நெற்றி நிறைய விபூதி வைத்திருக்கிற பெரிய மனிதர். ஒரு பன்னை எடுத்துப் பிட்டு வாயில் போட்டார். மென்றார். நிறுத்தினார். வண்டியைப் பார்த்தார்.

“ஏம்பா, வண்டிக்கு அடிச்ச பெயிண்ட்ட பன்னுக்குமா அடிச்சீங்க?”

மாணவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. மெஸ்காரர் சிரிக்கவில்லை. “இன்னிக்கி உப்புமா போட்டு சமாளிச்சிக்கிறேன். நாளைக்கும் இதே மாதிரி வந்துச்சின்னா, நான் சிதம்பரத்துலயே ஆளப் பாத்துக்கறேன். மனசுல எதுவும் வச்சிக்காதீங்க” என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தம்பி அப்பாவுக்குப் போன் போட்டான். அப்பா பேசியது பக்கத்தில் நின்ற எங்களுக்கும் கேட்டது. “ஓட்டைய அடைச்சிட்டானுங்களா? அடப் பாவிங்களா! சூடு ஆறுற வரைக்கும் வச்சிருந்தா டிபனுக்குப் போயி சேராதுன்னுதானே நான் ஆணிய வச்சிக் குத்துனேன்! ஆவி போறதுக்கு வழி வேணாமா?”

இருக்கிறவரை யாரும் நினைத்துப் பார்க்காத ஓட்டை அது. தினமும் ஓட்டிய தம்பிக்கே ஞாபகம் இல்லை. போனை வைத்தவன் நேராக வெல்டிங் கடைக்குப் போய் டிரில் மெஷின் இரவல் வாங்கி வந்தான். இவர் வண்டியின் பக்கவாட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பல்லி மாதிரி ஒட்டி நின்றார்.

“மொதல்ல என் நெஞ்சுல ஓட்டையப் போடுடா. அப்புறம் வண்டில போடு.”

“உங்க நெஞ்சுல போட்டா பன்னுக்குக் காத்து வராது மாமா. தள்ளுங்க.”

“ரெண்டு மாசம்டா மச்சான்! கண்ணாடி மாதிரி இருக்குடா!”

“கண்ணாடிய வச்சிக்கிட்டு நான் என்னா பண்ணட்டும்? பொட்டா வச்சிக்க முடியும்? பன்னு போவணும் மாமா!”

அக்கம்பக்கம் சன்னலைத் திறந்தது. கடைசியில் இரண்டு பேருமே ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். “அக்கா, ஆர்.சி. புக்குல உன் பேருதான இருக்கு, நீ சொல்லு” என்றான் தம்பி. “ஆமா, நீயே சொல்லு” என்றார் இவர். இத்தனை வருஷமாக ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கட்டுமா என்று நான் கேட்டபோதெல்லாம் ஞாபகம் வராத ஆர்.சி. புக்!

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு பக்கம், சாப்பாட்டைக்கூட மறந்து தேய்த்துத் தேய்த்து விரல் தோல் போன மனுஷன். இன்னொரு பக்கம், நாளைக்கு அந்த மெஸ் போய்விட்டால் அடுப்படியில் இருக்கிற ஆட்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கண் சிவந்து நிற்கிற தம்பி. யாருக்கு நியாயம் சொன்னாலும் இன்னொருவர் என் வீட்டு வாசலை மிதிக்கமாட்டார், அதில் ஒருவர் அந்த வீட்டிலேயே குடியிருப்பவர். நான் நியாயம் சொல்லவில்லை. “குடுடா இங்க” என்று மெஷினை வாங்கினேன்.

டிரில் மெஷினை அதற்கு முன்னால் நான் கையில் பிடித்ததில்லை. இவரைத் தள்ளிவிட்டு, ஸ்டூல்மேல் ஏறி, உத்தேசமாக ஒரு இடத்தில் வைத்து அழுத்தினேன். முனை வழுக்கிக்கொண்டு ஓடி, பாலாடைப் பெயிண்டில் ஒரு மீசை வரைந்துவிட்டு, எங்கேயோ போய் நின்று துளைத்தது. கோணல் என்றால் அப்படி ஒரு கோணல். இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். சத்தம் நின்றதும் திறந்து பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

“ஏம்மா, ஒரு அளவு வேணாமா? நூல் புடிக்காம யாராவது ஓட்டை போடுவாங்களா? எறங்கு மொதல்ல!”

மெஷினைப் பிடுங்கிக்கொண்டார். நூல் எடுத்து வந்தார், ஸ்கேல் எடுத்து வந்தார், பென்சிலைக் காதில் செருகினார். மோசமான வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அந்த மனுஷனால் முடியாது. நூலின் ஒரு முனையைத் தம்பியிடம் நீட்டினார், முகத்தைப் பார்க்காமல். தம்பியும் முகத்தைப் பார்க்காமல் பிடித்துக்கொண்டான். பகல் முழுக்க வேலை நடந்தது. இரண்டு பக்கமும் நூல் பிடித்த மாதிரி ஓட்டைகள், ஒவ்வொன்றின் விளிம்புக்கும் துருப்பிடிக்காமலிருக்க ரப்பர் வளையம். என் ஓட்டை மட்டும் வரிசைக்குக் கீழே தனியாகத் தொங்கியது. அதை அடைத்துவிடலாம் என்று நானே சொன்னேன். இவர் நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆவிக்கு வழி கிடைத்துவிட்டது. பெயிண்ட் வாசனைக்கு? மாலையில் மூவருமாக முதுநகர் போனோம். அப்பா வண்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். அப்புறம், பேக்கரியில் தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போடுகிற சாம்பிராணிச் சட்டியை அப்படியே தூக்கிப் பெட்டிக்குள் வைத்து, இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டுக் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் எல்லா ஓட்டை வழியாகவும் ஒரே சீராகப் புகை வந்தது. தெருவில் போனவர்கள் தீப்பிடித்துவிட்டது என்று குடத்தோடு ஓடிவந்தார்கள். இவர் மட்டும் தள்ளி நின்று, “பாரு, ஒண்ணு கூட கோணல் இல்ல” என்றார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, “ஒண்ணத் தவிர” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை நானும் வண்டியில் போனேன். மாமாவுக்கும் மச்சானுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, நடுவில் நான்.

“அக்கா, மாமாவக் கால ஓரமா வைக்கச் சொல்லு, கியர் போடணும்.”

“உன் தம்பிய அந்தப் பள்ளத்தப் பாத்து ஓட்டச் சொல்லு.”

புதுச்சத்திரம் வரை தபால்காரி மாதிரி மாற்றி மாற்றிச் சொன்னேன். அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டேன். வழி முழுக்க, ‘மாரியாத்தா, பன்னு வேர்க்கக் கூடாது’ என்றுதான் வேண்டினேன்.

மெஸ் வாசலில் தம்பி பின்கதவைத் திறந்தான். ஆவி வரவில்லை. பன் எல்லாம் உப்பி, பழுப்பாக, காய்ந்த தோலோடு இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். மெஸ்காரர் ஒன்றை எடுத்துப் பிட்டார். மூக்கருகில் கொண்டுபோனார். புருவம் ஏறியது. அப்போதுதான் எங்களுக்கும் வாசனை உறைத்தது. சட்டியை எடுத்த பிறகு வண்டியைத் திறந்து போட்டு ஆறவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெயிண்ட் வாசனை துளியும் இல்லை. பன் முழுக்கச் சாம்பிராணி மணந்தது.

அவர் மெல்ல மென்றார். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான், சின்ன வயசில் ஊசி போட்டுக்கொள்ளும்போது பிடிப்பானே, அந்த மாதிரி. இவர் என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார்.

“நேத்து பெயிண்ட்டு. இன்னிக்கி சாம்பிராணி” என்றார் மெஸ்காரர். விழுங்கினார். “வெள்ளிக்கெழமையாப் போச்சு, தப்பிச்சீங்க. எறக்குங்க.”

சனிக்கிழமை எந்த வாசனையும் இல்லாமல் பன் பன்னாகப் போய்ச் சேர்ந்தது. ஆர்டர் நிலைத்தது. மாமாவும் மச்சானும் அந்த வெள்ளிக்கிழமையே டீக்கடையில் பேசிக்கொண்டார்கள், என்னைப் பற்றித்தான், நான் ஓட்டை போட்ட லட்சணத்தைப் பற்றி.

அதன் பிறகு வண்டி தினமும் ஓடியது. கடலூர் உப்புக் காற்று அதன் வேலையைக் காட்டியது, தட்டுகள் தங்கள் வேலையைக் காட்டின. ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் தேய்ப்பார், பூசுவார், திங்கட்கிழமை தம்பி கீறிக்கொண்டு வருவான். ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொள்வது அவர்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது.

2011இல் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பழைய வண்டிகளைக் காட்சிக்கு நிறுத்தினார்கள். இவர் என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு வண்டியோடு போனார். அதற்கு முந்தின நாள் முழுக்கப் பெட்டியிலிருந்து ரொட்டித் தூளைப் பெருக்கியது தம்பிதான். சுற்றிலும் தொட்டால் ஒட்டிக்கொள்கிற மாதிரி மினுக்கும் கார்கள் நின்றன. மதிப்பெண் போட வந்தவர் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர். சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், தலையை ஆட்டினார். இவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. அப்புறம் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“எல்லாம் நல்லாத்தான் வச்சிருக்கீங்க. ஆனா இந்த ஓட்டை எல்லாம் கம்பெனில வந்தது இல்லையே?”

“இல்ல சார். நாங்க போட்டது.”

“அடைச்சிட்டு வந்திருந்தா பரிசே கெடச்சிருக்கும் சார். ஒரிஜினலா இருந்தாத்தானே மார்க்கு?”

நான் இவரைப் பார்க்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி இதையே சொன்ன மனுஷர். இப்போது என்ன சொல்லப்போகிறாரோ, என்னைத்தான் காட்டிக்கொடுக்கப்போகிறாரோ என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அடைச்சா பன்னு வேர்த்துடும் சார்” என்றார் இவர்.

பெரியவர் சிரித்தார். பேனாவால் மேலே காட்டினார். “சரி, இதெல்லாம் அளவெடுத்து அழகாத்தான் போட்டிருக்கீங்க. அந்த ஒண்ணு மட்டும் ஏன் சார் தனியா, கோணலா?”

இவர் அண்ணாந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். அதற்கும் ரப்பர் வளையம் இருந்தது. மீசைக் கீறலை அவர் பெயிண்டால் மறைக்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

“அதான் சார் ஒரிஜினல்” என்றார். “ஓனரம்மா போட்டது.”

பரிசு கிடைக்கவில்லை. எனக்கு அந்த மைதானத்திலேயே கண் நிறைந்துவிட்டது. தம்பி சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். “கண்ணத் தொடச்சிக்க அக்கா. மைதானத்துல அந்தப் பக்கம் காலியாத்தான் இருக்கு, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரு. சீக்கிரம், நாளைக்கிச் சரக்குக்கு மாவு பெசையணும்.”